உறக்கக் குளிகை: எத்தனை நாளுக்கு?

நாஞ்சில் நாட்டில் பொழுது புலர்வதற்கு முன்பே பலருக்கு வேலை தொடங்கிவிடுகிறது. ரப்பர் மரத்தில் பால் நன்கு வடிவது குளிர்ந்த வைகறைப் பொழுதில்தான். ஆகவே குலசேகரம், அருமனைப் பக்கத்துத் தோட்டங்களில் பால் வெட்டுவோர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே புறப்படுகிறார்கள். தோவாளைப் பூச்சந்தை விடியுமுன் களைகட்டிவிடும். தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கி, கிடைத்த வேளையில் கண்ணயர்கிறார்கள். இவர்களெல்லாம் உறக்கத்தைக் குறைத்துக்கொண்டு உழைப்பவர்கள். படுக்க இடமும் நேரமும் கிடைத்தால் போதும், உறங்கிவிடுவார்கள். இவர்களுக்கு வேண்டியது நேரமே தவிர மருந்து அன்று.

உறக்கக் குளிகையைத் தேடி மருத்துவரிடம் வருவோர் வேறு வகையினர். (மாத்திரையைக் குளிகை என்பது குமரி மாவட்டத்து வழக்கு, சிறிய, பொருத்தமான சொல்லாதலால் இங்கு அதையே கையாளுகிறோம்.) இவர்களுக்கு நேரம் இருக்கிறது, பாய் விரித்திருக்கிறது, உறக்கம் மட்டும் வருவதில்லை. வந்தாலும் நடு இரவில் கலைந்துவிடுகிறது. இதுவே உறக்கமின்மை எனப்படும் கோளாறு. மருத்துவர் சிலருக்கு ஒரு வாரத்திற்குக் குளிகை எழுதித் தருகிறார். அந்த ஒரு வாரம் ஒரு மாதமாகி, ஓர் ஆண்டாகி, பத்து ஆண்டுகளாகிவிட்ட வீடுகள் நம்மிடையே எத்தனையோ உண்டு. அவர்களைக் கேட்டால், “இது இல்லாவிட்டால் உறக்கமே வராது” என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்குக் காரணம் நோயா, குளிகையா என்பதுதான் கேள்வி.

மூளையில் ஒரு மடை

நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. இவை ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே இருப்பின் மூளை ஓயாது. எனவே தூண்டுதலை அடக்குவதற்கென்று ஒரு வேதிப்பொருள் மூளையிலேயே சுரக்கிறது. காமா அமினோ பியூட்டிரிக் அமிலம் என்பது அதன் முழுப் பெயர். சுருக்கமாகக் காபா என்பர்.

பேச்சிப்பாறைத் தண்ணீர் சானல் வழியே வந்து, மடை திறந்தால் வயலுக்குள் பாய்வதை நாம் அறிவோம். நரம்பணுவின் சுவரிலும் அதுபோன்ற நுண்ணிய மடைகள் இருக்கின்றன. காபா வந்து பொருந்தியதும் மடை திறக்கிறது. எதிர்மின் ஏற்றம் பெற்ற குளோரைடு அயனிகள் உள்ளே பாய்கின்றன. அவ்வாறு பாய்ந்தபின் அந்த நரம்பணுவைத் தூண்டுவது கடினமாகிறது. கிளர்ச்சி தணிகிறது.

டயசிபாம், நைட்ரசிபாம், அல்பிரசோலம், குளோனசிபாம், லோரசிபாம் ஆகியவை பென்சோடயசிபின் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை தாமாக மடையைத் திறப்பதில்லை. காபா திறக்கும்போது மடை அடிக்கடி திறக்குமாறு உதவுகின்றன, அவ்வளவே. சோல்பிடம் என்பது அமைப்பில் வேறான மருந்தாயினும் அதுவும் இதே மடையில்தான் வேலை செய்கிறது. இவற்றுக்கு முன்பு வழக்கில் இருந்த பார்பிட்டுரேட் மருந்துகளோ மடையை நெடுநேரம் திறந்தபடி பிடித்து வைப்பவை. அளவு மிகுந்தால் காபா இல்லாமலேயே திறந்துவிடுபவை. மூச்சை இயக்கும் நரம்பு மையமும் அப்போது அடங்கிவிடும். பார்பிட்டுரேட்டுகள் பல உயிர்களைக் குடித்ததற்குக் காரணம் இதுதான்.

பென்சோடயசிபினைத் தனியே உட்கொள்ளும்போது மூச்சு அடங்கும் ஆபத்து குறைவு என்பது இதனால் விளங்கும். ஆனால் மதுவும் இதே மடையைத் தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். டிரமடால் போன்ற வலிநீக்கிகளும் கோடீன் கலந்த இருமல் மருந்துகளும் வேறு வழியில் மூச்சை அடக்குபவை. அவற்றோடு சேர்வதும் இதே ஆபத்தைத் தரும். உரக்கக் குறட்டை விட்டு, உறக்கத்திடையே மூச்சு நின்று நின்று வரும் நோயாளிக்கும், நாட்பட்ட நுரையீரல் நோயுள்ளவருக்கும் உறக்கக் குளிகை எழுதுமுன் மருத்துவர் பல முறை யோசிப்பதும் இது பற்றியே.

இனி, கதையின் முக்கியமான பகுதிக்கு வருவோம். மூளை சமநிலையை விரும்பும் உறுப்பு. நாள்தோறும் வெளியிலிருந்து ஒருவர் வந்து மடையைத் திறந்துகொண்டே இருந்தால், சில வாரங்களில் மூளை அந்த மடையை இறுகச் செய்துவிடுகிறது. முன்பு ஒரு குளிகைக்கு வந்த உறக்கம் இப்போது முக்கால் பங்குதான் வருகிறது. இந்நிலையில் குளிகையைத் திடீரென நிறுத்தினால் என்ன ஆகும்? மடை இறுகியிருக்கிறது, உதவிக்கு வந்த கையும் இல்லை. நரம்பணுக்கள் கட்டுக்கடங்காமல் கிளர்கின்றன. முன்பிருந்ததைவிட மோசமான உறக்கமின்மை, படபடப்பு, வியர்வை, கைநடுக்கம், காரணமற்ற அச்சம் ஆகியவை தோன்றுகின்றன. சிலருக்கு வலிப்பே வந்துவிடுகிறது.

“பார்த்தீர்களா, நிறுத்தினால் நோய் திரும்பி வந்துவிட்டது” என்று வீட்டார் முடிவு கட்டுவது இந்த இரண்டு மூன்று இரவுகளைப் பார்த்துத்தான். வந்தது பழைய நோயாக இல்லாமல், குளிகையை விட்டதன் விளைவாகவே பெரும்பாலும் இருக்கும். மறுபடியும் குளிகையை விழுங்கியதும் அது அடங்கிவிடுவதால் அதன்மேல் நம்பிக்கை இன்னும் வலுக்கிறது. பல ஆண்டுப் பழக்கங்கள் பல இப்படி உருவானவையே.

‘பழக்கமாகாத’ மருந்துகளின் வரிசை

ஒவ்வொரு புதிய உறக்க மருந்தும் சந்தைக்கு வரும்போது ‘பழையதைப் போல் இது பழக்கமாகாது’ என்ற நற்சான்றுடனேயே வந்திருக்கிறது. 1903ஆம் ஆண்டு ஜெர்மனியில் எமில் ஃபிஷரும் யோசப் ஃபான் மேரிங்கும் அளித்த வெரோனால்தான் முதல் பார்பிட்டுரேட் உறக்க மருந்து. அரை நூற்றாண்டுக்குள் அதன் குடும்பத்தின் கேடுகள் ஊரறிந்தவையாயின.

அடுத்து வந்த ஒரு மருந்து நம் நாட்டிலேயே பிறந்தது. 1951ஆம் ஆண்டு இந்திர கிஷோர் கக்கர், சையது உசேன் சாகீர் என்ற இரு இந்திய வேதியியலார் மலேரியாவுக்கு மருந்து தேடும் முயற்சியில் மெத்தாகுவலோன் என்ற பொருளை உருவாக்கினர். மலேரியாவுக்கு ஆகாத அது உறக்கம் தருவது சில ஆண்டுகளில் தெரியவந்தது. 1965இல் இங்கிலாந்தில் ‘மாண்ட்ராக்ஸ்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்து, உலகெங்கும் போதைப் பொருளாகிப் பெயர் கெட்டது. அமெரிக்கா 1984இல் அதனை முற்றாக விலக்கி வைத்தது. ஆயினும் 2016இல் இராஜஸ்தானின் உதயப்பூர் அருகே வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகத்தார் சுமார் 23 டன் மாண்ட்ராக்ஸ் குளிகைகளைக் கைப்பற்றினர். மலேரியாவை ஒழிக்கப் பிறந்த பொருளுக்கு இப்படியொரு தலையெழுத்து!

பென்சோடயசிபின்கள் லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாரின் ஆய்வகத்தில் பிறந்தவை. முதல் மருந்து 1960இலும் டயசிபாம் 1963இலும் விற்பனைக்கு வந்தன. இந்தியாவில் 1969 முதல் ‘காம்போஸ்’ என்ற பெயரில் டயசிபாம் வீடுதோறும் அறிமுகமாயிற்று. பார்பிட்டுரேட்டைவிட இவை பாதுகாப்பானவை என்பதில் ஐயமில்லை. வலிப்பை நிறுத்தவும், இசிவு நோயில் விறைத்த தசைகளைத் தளர்த்தவும், அறுவைக்கு முன் அச்சம் தணிக்கவும், குடியை விடுவோரின் நடுக்கத்தை அடக்கவும் இவை இன்றும் இன்றியமையாதவை. பழக்கமாகாது என்ற நற்சான்று மட்டும் இவற்றுக்கும் பொருந்தவில்லை. 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இக்குடும்பம் முழுவதற்கும் அடிமைத்தனம் பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது.

காலையிலும் தங்கும் மருந்து

கதிரியக்கப் பாடத்தில் அரை ஆயுட்காலம் என்ற சொல்லை மாணவர்கள் படித்திருப்பார்கள். மருந்துக்கும் அது உண்டு. இரத்தத்திலுள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரமே அது. சோல்பிடத்திற்கு இது சுமார் இரண்டரை மணி; அல்பிரசோலத்திற்குச் சுமார் 11 மணி; நைட்ரசிபாமுக்கு ஒரு நாளுக்கும் சற்று மேல்.

கணக்கு எளிதாக இருக்க நைட்ரசிபாமின் அரை ஆயுட்காலத்தைச் சரியாக 24 மணி என்று கொள்வோம். ஒருவர் இரவுதோறும் 5 மில்லிகிராம் உட்கொள்கிறார். மறுநாள் இரவு உடலில் மீந்திருப்பது 2.5, அதனுடன் புதிய 5 சேர்ந்து 7.5. அதற்கடுத்த இரவு 8.75. பிறகு 9.375. இப்படியே ஏறி 10 மில்லிகிராமை நெருங்கி நிற்கும். ஒரு குளிகைதான் விழுங்குகிறார். உடலிலோ ஏறத்தாழ இரண்டு குளிகைகள்! காலையில் தலை கனப்பதும், பேருந்தில் நிற்கையில் தள்ளாடுவதும், சொன்னது மறந்துபோவதும் இந்த மிச்சத்தின் வேலைகள். இருசக்கர வண்டி ஓட்டுவோரும் எந்திரத்தருகே நிற்போரும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

முதுமையில் கணக்கு இன்னும் மோசமாகிறது. 1975இல் வெளியான ஓர் ஆய்வின்படி டயசிபாமின் அரை ஆயுட்காலம் 20 வயதில் சுமார் 20 மணி. 80 வயதில் 90 மணி அளவு. பேரனுக்கு ஒரு நாளில் பாதியாகும் மருந்து பாட்டிக்கு ஏறத்தாழ நான்கு நாளாகும்.

விரைவில் நீங்கும் சோல்பிடத்திற்குத் தனித் தொல்லை ஒன்றுண்டு. சிலர் அரை உறக்கத்தில் எழுந்து நடக்கிறார்கள், அடுப்பு மூட்டுகிறார்கள், வண்டியே ஓட்டுகிறார்கள். காலையில் எதுவும் நினைவிருப்பதில்லை. அமெரிக்காவில் 2019இல் இதற்கும் கட்டமிட்ட எச்சரிக்கை வந்தது. பெண்களின் உடலில் இம்மருந்து மெதுவாகவே கழிவதால், அவர்களுக்குரிய தொடக்க அளவை 2013இல் அங்கு 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தனர்.

முதியவரின் இரவு

பிள்ளைகள் வளைகுடாவிலோ சென்னையிலோ இருக்க, முதியோர் இருவர் மட்டும் வாழும் வீடுகள் நாஞ்சில் நாட்டில் பெருகிவிட்டன. அப்படியொரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். எழுபத்தைந்து வயது அம்மா இரவு எட்டு மணிக்குக் கஞ்சி குடித்துவிட்டுப் படுக்கிறார். இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. “ராத்திரி முழுக்க ஒறக்கமே இல்ல மக்கா” என்று தொலைபேசியில் மகனிடம் சொல்கிறார். மகன் பதறி, குளிகைக்கு ஏற்பாடு செய்கிறான்.

எட்டு முதல் இரண்டு வரை ஆறு மணி நேரம். மதியச் சோற்றுக்குப்பின் ஒன்றரை மணி நேரக் கண்ணயர்வு. ஆக ஏழரை மணி நேரம்! அந்த வயதுக்கு இது போதுமான உறக்கம். உறக்கம் மெலிவதும் முன்னதாகவே விழிப்பதும் முதுமையின் இயல்பு. அம்மாவின் குறை உறக்கமின்மை அன்று. விடியும்வரை பேச ஆளில்லாத நான்கு மணி நேரம். அதற்குக் குளிகை எழுதும் மருத்துவரைக் குறை சொல்வது எளிது. கூட்டம் நிறைந்த வெளிநோயாளர் பிரிவில் இந்தக் கணக்கைப் போட யாருக்கு நேரமிருக்கிறது?

குளிகை விழுங்கிய அம்மா இரவில் சிறுநீர் கழிக்க எழுகிறார். தசை தளர்ந்திருக்கிறது, தலை சுற்றுகிறது, கழிப்பறைப் படியில் கால் இடறுகிறது. இடுப்பெலும்பு முறிந்த முதியோர் பலர் பழைய நடைக்குத் திரும்புவதே இல்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு உறக்கத்திற்காக இம்மருந்துகளைத் தவிர்க்கச் சொல்வதற்கு முதற்காரணம் இந்த வீழ்ச்சியே. குழப்பமும் மறதியும் அடுத்தவை.

உறக்கம் கலைவதற்கு வேறு காரணம் உண்டா என்று முதலில் தேட வேண்டும். சர்க்கரை நோயாலும் புராஸ்டேட் வீக்கத்தாலும் இரவில் பலமுறை எழ நேரும். நீர் பிரியச் செய்யும் மாத்திரையைக் காலையில் விழுங்காமல் மாலையில் விழுங்குவோரும் உண்டு. மூட்டுவலி, இருமல், மனச்சோர்வு இவையும் உறக்கத்தைக் கெடுக்கும். மாலை ஆறு மணிக்குக் குடித்த கட்டன்சாயாவின் காஃபீன் இரவு பதினொரு மணிக்கும் பாதியளவு உடலில் இருக்கலாம்.

துயரத்துக்குக் குளிகை

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடிக் கரைகளைத் தாக்கியது. குமரி மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 800 பேர் மாண்டனர். 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலில் கடலுக்குச் சென்ற மீனவர் பலர் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களுக்குத் திரும்பவே இல்லை. உடலும் கிட்டாமல், ‘எங்காவது கரை ஒதுங்கியிருப்பார்’ என்று காத்திருக்கும் பெண்ணுக்கு உறக்கம் எப்படி வரும்?

இத்தகைய வேளையில் உறக்கக் குளிகை கொடுப்பதே இரக்கம் என்று நமக்குத் தோன்றும். உலக நலவாழ்வு நிறுவனம் 2013இல் வெளியிட்ட நெறிமுறை மாறாகச் சொல்கிறது. பேரிடருக்குப் பிந்திய முதல் மாதத்தில் உறக்கமின்மைக்கெனப் பெரியவர்களுக்குப் பென்சோடயசிபின் தர வேண்டாம்; மனநோய் ஏதுமின்றி இழவுத் துயரில் மட்டும் இருப்போருக்கும் வேண்டாம். இம்மருந்துகள் துயரை ஆற்றுவதாகவோ பின்னாளைய மனப்பாதிப்பைத் தடுப்பதாகவோ சான்றில்லை. பழக்கமாகும் ஆபத்தோ உறுதியாக உண்டு. துயரால் வரும் உறக்கமின்மை பெரும்பாலோருக்கு நாளடைவில் தானே தணிவது. அதற்கு இடையில் தொடங்கிய குளிகை துயர் தணிந்த பின்னும் தொடர்ந்துகொண்டிருக்கும். இழவு வீட்டில் சுற்றத்தார் முறை வைத்துத் தங்குவதும் பெண்கள் கூடியிருந்து அழுவதும் இந்த நெறிமுறைக்குப் பழையவை. மாதங்கள் கடந்தும் உறக்கமும் உணவும் இல்லையெனில் அது வேறு. மனநல மருத்துவர் பார்க்க வேண்டியது.

விடுவது எப்படி?

இதைப் படித்துவிட்டு இன்றிரவே குளிகையை நிறுத்த யாரும் முனைய வேண்டாம். மேலே சொன்ன இறுகிய மடையை நினைவில் கொள்க. பல மாதங்களாக விழுங்குவோர் அதே மருத்துவரின் மேற்பார்வையில் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, அப்போதைய அளவில் நூற்றுக்கு ஐந்து அல்லது பத்துப் பங்கைக் குறைப்பது இன்று பரிந்துரைக்கப்படும் தொடக்கம். எப்படியும் இரண்டு வாரத்தில் 25 பங்குக்கு மேல் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்குவது சிக்கனம்போல் தோன்றினாலும் மூளைக்கு அது ஏற்ற இறக்க வேதனையே. வலிப்பு நோய்க்காக இம்மருந்து உட்கொள்வோருக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. அவர்கள் மருத்துவர் சொன்னபடி தொடர வேண்டியவர்கள்.

குறைக்கும் காலத்தில் உறக்கத்தை வேறு வழியில் வரவழைக்கப் பயிற்சி உண்டு. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016 முதல் நாட்பட்ட உறக்கமின்மைக்குக் குளிகைக்கு முன்பாக இதனையே பரிந்துரைக்கிறது. எப்போது படுத்தாலும் ஒரே நேரத்தில் எழுவது, உறக்கம் வரும்போது மட்டும் பாயில் படுப்பது, இருபது நிமிடம் போல விழித்துக் கிடந்தால் எழுந்து வேறிடத்தில் அமர்ந்து, கண் சொக்கிய பின் திரும்புவது, பகல் உறக்கத்தைச் சுருக்குவது, கடிகாரத்தைப் பார்க்காதிருப்பது. கேட்பதற்கு எளிதானவைதாம். முதல் இரண்டு வாரம் பகலெல்லாம் உடல் சோரும். அப்போதுதான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சிவப்புக் கோடு

இக்குளிகை அட்டையின்மேல் சிவப்பு எழுத்தில் ‘என்.ஆர்.எக்ஸ்.’ என்ற குறி இருப்பதைக் காணலாம். போதைப் பொருள் தடுப்புக்கான 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் வரும் மருந்து என்பது அதன் பொருள். 2014 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள எச்-1 அட்டவணைப்படி, அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், சோல்பிடம் முதலியவற்றை விற்கும் கடைக்காரர் நோயாளியின் பெயர், மருத்துவரின் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ‘நரம்புக் குளிகை’ என்று பெயர் சொல்லிக் கேட்டால் கொடுத்துவிடும் கடைகள் இன்றும் இல்லாமல் இல்லை.

வெளிநாட்டிலிருக்கும் உறவினருக்கு ஊர் மருந்தைக் கொடுத்தனுப்பும் வழக்கம் குமரி மாவட்டத்தில் மிகுதி. ஐக்கிய அரபு நாடுகள் உள்ளிட்ட வளைகுடா நாடுகளில் இவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். ஐக்கிய அரபு நாடுகளுக்குள் இவற்றைக் கொண்டுசெல்ல மருத்துவர் சீட்டுடன் முன்னதாகவே இணையவழி அனுமதி பெற வேண்டும். அனுமதியின்றிப் பெட்டியில் அகப்பட்டால் விமான நிலையத்திலேயே வழக்காகும். அண்டை வீட்டாரின் பொதியை வாங்கிச் செல்வோர் அதனுள் இருக்கும் குளிகை அட்டையைத் திருப்பி, அந்தச் சிவப்புக் குறி உண்டா என்று பார்த்துக்கொள்வது நல்லது.